கருப்பட்டியும் க்ளீன்ஸ்கின்னும்

எழுதி நாலு மாசமாச்சு. பேங்க்ல ஒரு ஆடிட் முடிஞ்சா அடுத்த ஆடிட்னு ஓடிட்டிருந்தேன். இன்னைக்கு வைனைப் பத்தி எழுதப் போறேன். ஊர்லருந்து படிக்கிறவங்க முகம் சுளிக்க வேண்டாம், பாதிக்கு மேல கருப்பட்டியைப் பத்தித்தான் :-)

நான் மெல்போர்ன் வந்தது 2007-ல. சேர்ந்த ஆபீஸ்ல மாசம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்ல கூடுவாங்க. ஆளுக்கு ஒரு பாட்டில் வைன் கொண்டு போகணும். வீட்டுக்காரர் சீஸ், பிஸ்கட் எல்லாம் வச்சிருப்பார். முதல் தடவை கூப்பிட்டப்போ கடைக்குப் போய் நாலு டாலருக்கு ஒரு க்ளீன்ஸ்கின் வாங்கிட்டுப் போனேன்.

க்ளீன்ஸ்கின்னா கம்பெனி பேர் ஒட்டாத பாட்டில். திராட்சை ரகம், வருஷம், ஆல்கஹால் எத்தனை சதவீதம், சட்டத்துக்கு வேண்டிய நாலு வரி, அவ்வளவுதான் இருக்கும். 1990-கள்ல ஆஸ்திரேலியாவுல ஏகப்பட்ட திராட்சைத் தோட்டம் போட்டாங்க. 2000-க்குப் பிறகு விளைச்சல் விக்க முடியாத அளவுக்குக் குவிஞ்சு போச்சு. இருபது டாலர் லேபிளை ஒட்டி நாலு டாலருக்கு வித்தா அந்தப் பேரோட மதிப்பு போயிடும். அதனால லேபிளே ஒட்டாம வித்தாங்க. பி.காம் படிச்சவனுக்கு இது ரொம்ப எளிசாப் புரியும். குட்வில்லைக் கழிச்சுட்டு சரக்கை மட்டும் விக்கிறான் (சரக்கு, ரெண்டு அர்த்தத்துலயும்).

வீட்டுக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நன்றி"ன்னு சிரிச்சுக்கிட்டே உள்ள கொண்டு போனார். அன்னைக்கு ஏழு பாட்டில் திறந்தாங்க. என்னோடது அதுல இல்ல. கிளம்பும்போது தண்ணி குடிக்க சமையல்கட்டுக்குப் போனா, என் பாட்டில் வினிகருக்கும் எண்ணெய்க்கும் நடுவுல நிக்குது. கறியில ஊத்த எடுத்து வச்சிருக்கார்.

அப்புறம் நான் கத்துக்கிட்டேன். கிளாஸை எப்படிச் சுத்தணும், எப்ப மோந்து பார்க்கணும், எப்ப ஒண்ணும் சொல்லாம தலையை மட்டும் ஆட்டணும்னு எல்லாம். டானின், ஓக், ஃபினிஷ்னு வாயில சரளமா வந்துது. மூணு நாலு வருஷத்துல நானும் ஒரு ஆள் ஆயிட்டேன். புதுசா சேர்ந்த ஹைதராபாத் பையன் ஒருத்தன் ஒரு நாள் அட்டைப்பெட்டியில வர்ற நாலு லிட்டர் காஸ்க் வைனைத் தூக்கிட்டு வந்தான். அதை வாங்கி சமையல்கட்டுல வினிகர் பக்கத்துல வச்சது வேற யாருமில்ல, நான்தான். அவன் முகத்தை நான் பார்க்கல. பார்க்க வேண்டாம்னுதான் பார்க்கல.

அதே மாதிரி ஒரு சாயங்காலம்தான் ஒருத்தர் கேட்டார், "உன் நாக்கு நல்ல நாக்கு, உங்க அப்பா என்ன வேலை பார்த்தார்?"னு. "விவசாயம்"னேன்.

அப்பா பனையேறி.

எங்க வீடு பாறசாலைக்குத் தெக்க. ஜங்ஷன்லருந்து சில கிலோமீட்டர் போனா களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துலயே நின்னுது. கோடு போட்டவங்க பனையைக் கேட்டுப் போடல. அப்பா பாட்டத்துக்கு எடுத்த பனைங்க ரெண்டு பக்கமும் உண்டு. காலையில கேரளத்துப் பனை, அது முடிஞ்சு தமிழ்நாட்டுப் பனை, சாயங்காலம் திரும்பவும் அதே சுத்து. கள்ளுன்னா இந்தப் பக்கம் லைசென்ஸ் உள்ள ஷாப்பு, அந்தப் பக்கம் 1987 ஜனவரியிலருந்து தடை. எங்க வீட்ல ரெண்டு பக்கமும் தடை. நாங்க சி.எஸ்.ஐ., கள் பாவம். அக்கானி மட்டும்தான்.

வெளியூர்க்காரங்களுக்கு: அக்கானின்னா பதநீர். பாளையைச் சீவி கலயத்தைக் கட்டினா வடியறது ரெண்டுக்கும் ஒண்ணுதான். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா அக்கானி, தடவலைன்னா கள். சொட்டுச் சொட்டா விழும்போதே நுரைக்க ஆரம்பிச்சிடும், சாயங்காலத்துக்குள்ள புளிக்கும், விட்டா காடி. வைன்காரங்க வருஷக்கணக்குல காத்திருந்து பார்க்கிறதை நாங்க ஒரே நாள்ல பார்த்துடுவோம்.

அப்பா ஒவ்வொரு கலயத்தையும் இறக்கினதும் விரல்ல தொட்டு நாக்குல வைப்பார். "இதுல சுண்ணாம்பு காணாது", "இது கூடிப்போச்சு, நாக்கை அறுக்குது", "இந்தக் கலயம் செரியா கழுவல்ல". மூணாவது சொல்லும்போது அம்மாவையோ அக்காவையோ பார்ப்பார். அலகுப் பனை அக்கானி எது, பருவப் பனை அக்கானி எதுன்னும் சொல்லுவார். எந்த அக்கானி உசத்தின்னு அவர் சொல்லி நான் கேட்டதே இல்ல. எதுல என்ன தப்புன்னு மட்டும்தான் சொல்லுவார். அதுல காசு இருக்கு. சுண்ணாம்பு குறைஞ்சு லேசா புளிச்ச அக்கானியைக் காய்ச்சினா கருப்பட்டி கட்டியாகாது, சிரட்டையில ஊத்தினாலும் இளகியே கிடக்கும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் அக்கானிக்குக் குறையாம வேணும். ஒரு கலயம் கெட்டதை மத்ததோட சேர்த்துட்டா அன்னைக்கு ஏறினது முழுக்கப் போச்சு.

ஸ்கூல்ல 'பனையேறி'ங்கிறது வசவு. அதே நாக்கு வேலையை இங்க ஒருத்தர் கோட்டு போட்டுக்கிட்டு செஞ்சா சொமெலியே.

வைன் நாக்கை சோதிச்சுப் பார்த்தவங்க இருக்காங்க. ஃபிரான்ஸ்ல போர்தோவுல ஃப்ரெடரிக் ப்ரோஷேன்னு ஒரு ஆராய்ச்சியாளர். வைன் படிக்கிற 54 மாணவர்கள்கிட்ட வெள்ளை வைன்ல வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து குடுத்தார். அவங்க சிவப்பு வைனுக்குச் சொல்ற வார்த்தைகளை எல்லாம் வரிசையா எழுதினாங்க. அந்தக் கட்டுரை 2001-ல வந்துது. அடுத்தது கலிஃபோர்னியாவுல ராபர்ட் ஹாட்ஜ்சன். ரிடையர் ஆன புரொஃபசர், சொந்தமா சின்ன வைனரி வச்சிருந்தவர். தன்னோட வைன் ஒரு போட்டியில தங்கம் வாங்குது, அதே வைன் இன்னொரு போட்டியில ஒண்ணுமில்லாமத் திரும்புது, இது எப்படின்னு குழம்பினார். மாநிலக் கண்காட்சிப் போட்டியில நடுவர்களுக்கு ஒரே பாட்டிலை மூணு கிளாஸ்ல ஊத்தி மத்த வைன்களுக்கு நடுவுல கலந்து வைக்க ஏற்பாடு பண்ணினார். ஏறக்குறைய பத்துல ஒருத்தர்தான் மூணு கிளாஸுக்கும் ஒரே தரத்துல மார்க் போட்டார். 2008-ல வந்த கட்டுரை.

இதைப் படிச்சுட்டு எல்லாம் ஏமாத்துன்னு சிரிக்கிறவங்க உண்டு, நானும் சிரிச்சேன். ஆனா அதே கட்டுரையில இன்னொண்ணும் இருக்கு. பிடிச்ச வைனைவிட பிடிக்காத வைன் விஷயத்துல நடுவர்கள் கொஞ்சம் சீரா இருந்தாங்களாம். அதைப் படிச்சப்போ அப்பாவோட விரல்தான் ஞாபகம் வந்துது. கெட்டுப் போனதைக் கண்டுபிடிக்கிறது ஒரு வேலை, கத்துக்கலாம். நல்லா இருக்கிற பத்துல எது எட்டாவது எது ஒம்பதாவதுன்னு சொல்றது வேற. அங்கதான் விலையும் பேரும் வந்து நாக்குல உட்காருது.

பெரிய ஆளுங்களும் தப்பினதில்ல. இன்னைக்கு ஒரு பாட்டில் ஆயிரம் டாலருக்குப் பக்கத்துல போற பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்சை மேக்ஸ் ஷூபர்ட் முதல்ல செஞ்சு பார்த்தது 1951-ல. குடிச்சுப் பார்த்த நிபுணர்கள் முகத்தைச் சுளிச்சாங்க. 1957-ல கம்பெனியே நிறுத்தச் சொல்லிடுச்சு. அவர் மூணு வருஷம் திருட்டுத்தனமா செஞ்சு பாதாள அறையில மறைச்சு வச்சார். 1960-ல திரும்பவும் செய்யச் சொன்னாங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

அப்பா 2016-ல போயிட்டார். ஏறுறதை நிறுத்தி அப்பவே பல வருஷம். அதுக்குப் பிறகு ஊருக்குப் போறப்பல்லாம் அக்கா ரெண்டு மூணு கிலோ கருப்பட்டி கட்டித் தருவா. ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணி, அந்த ஆபீசருக்கு ஒரு விளக்கவுரை குடுத்து இங்க கொண்டு வருவேன். வர்றவங்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி, கூடவே ஒரு சொற்பொழிவு. "செம்மண் பூமி, கடல்காத்து. லேசா ஒரு உப்பு தெரியுதா? பின்னால ஒரு புகை வாசனை? கடையில வாங்கறதுல இது கிட்டாது." எல்லாரும் கண்ணை மூடிக் குடிச்சுட்டு ஆமா ஆமாம்பாங்க. அக்காவுக்கும் போன்ல சொல்லுவேன், "எக்கா, இந்தத் தடவை உள்ளது அப்பா காலத்துல உள்ளதைப் போலவே இருக்கு".

2023-ல போயிருந்தப்போ, எந்தப் பனையிலருந்து இப்ப வருதுன்னு கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சிரிச்சா.

"மக்கா, நம்ம விளையில பனை எங்கடே நிக்கு? எல்லாம் வெட்டி ரப்பர் வச்சாச்சுல்லா. ஏறதுக்கும் ஆள் இல்ல. இது கடையில வாங்கினது. சீனி போட்டதுதான்."

"எப்பலருந்து?"

"மூணு நாலு வருசமாச்சு. கிலோ இருநூத்தி இருபதுக்கு வேற என்ன கிட்டும்? நீ போன்ல அப்பிடிச் சொன்னப்போ எனக்குச் சிரிப்பாணி வந்துது. சொன்னா உனக்கு வெசனமாவும்னு சொல்லல்ல."

பேங்க்ல லோன் கணக்கு பார்க்கிறவன் நான். எட்டு லிட்டர் அக்கானி, ரெண்டு நேரம் ஏத்தம், விறகு, ஒரு ஆள் கூலி. இருநூத்தி இருபதுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? ஒரு கஸ்டமர் இந்தக் கணக்கைக் கொண்டு வந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிருப்பேன். சீனி விலை அதுல அஞ்சுல ஒண்ணுகூட வராது.

விடல. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஏறுற ஒரு வயசானவர் வீட்டுல காய்ச்சுறாங்கன்னு அக்கா சொன்னா. போய் ஒரு கிலோ வாங்கினோம், நானூத்தி ஐம்பது. வீட்டுக்கு வந்து அக்கா மகளை விட்டு ரெண்டையும் சின்னச் சின்னதா உடைச்சு, கண்ணைக் கட்டிக்கிட்டு சாப்பிட்டுப் பார்த்தேன். ஆறு துண்டு. மூணு சரி, மூணு தப்பு. காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் அதான் வந்திருக்கும். அக்காவுக்கு ஆறும் சரி. அதுவும் அவ என்னை மாதிரி அண்ணாந்து சப்புக் கொட்டிக்கிட்டு இருக்கல. வாயில போட்டதும் "சீனி", "இது உள்ளது", "சீனி". சோத்துல கல்லைப் பொறுக்கிற மாதிரி.

எப்படின்னு கேட்டேன். "சீனி உடனே இனிச்சிட்டு உடனே போவும். உள்ளது கொஞ்சம் நின்னுட்டுத்தான் வரும்." அவ்வளவுதான். பதினோரு வயசுலருந்து கல்யாணம் ஆகுறது வரைக்கும் அடுப்புப் பக்கத்துல நின்னு கிண்டினவ. அந்த நேரத்துல நான் டியூஷனுக்குப் போயிட்டிருந்தேன். அப்பாவோட நாக்கு பரம்பரையா எனக்கு வந்திருக்குன்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். ஐம்பது டாலர் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு நல்ல நாக்குன்னு பேர் வாங்கினவனும் இதே நான்தான்.

போன மாசம் கூட்டம் எங்க வீட்ல. எல்லா பாட்டிலுக்கும் காகிதப் பை போட்டு நம்பர் எழுதி வச்சேன். நடுவுல ஒரு ஆறு டாலர் வைன். ஜெயிச்சுது, ராஜா மாதிரி மேல வந்துதுன்னு எழுத ஆசைதான். உண்மை என்னன்னா எட்டுல அஞ்சாவதா வந்துது. எண்பது டாலர் ஒண்ணு ஆறாவது. கொண்டு வந்தவர் கார்க் சரியில்லைன்னார். இருக்கலாம். சுளுவா அப்படியே நம்பிட்டோம்.

கடைசியில ரெண்டு தட்டுல கருப்பட்டி வச்சேன், எது எதுன்னு சொல்லாம. ஆறு பேர்ல நாலு பேருக்கு சீனி போட்டதுதான் பிடிச்சுது. அந்த ஹைதராபாத் பையன் (இப்ப பையன் இல்ல, ரெண்டு பிள்ளைக்கு அப்பன்) மட்டும் உள்ளதைக் கையில எடுத்து மோந்து பார்த்துக்கிட்டே இருந்தான். காஸ்க் வைன் விஷயம் அவனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "இருக்கு சார்"னான். மன்னிச்சிக்கோன்னேன். அவன் சிரிச்சுட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கிட்டான்.

பழைய வீட்டுக்காரர், வினிகர் பக்கத்துல என் பாட்டிலை வச்சவர், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டார். எனக்குத் தெரியாது, எங்க அக்காவுக்குத்தான் தெரியும், எங்க அப்பா பனை ஏறினவர்னு சொன்னேன். பனைன்னா எப்படி இருக்கும்னு போன்ல படம் எடுத்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது எவ்வளவு உயரம் இருக்கும்?"னு கேட்டார். அறுபது அடின்னு சொல்லி வச்சிருக்கேன். அக்காகிட்ட கேக்கணும்.