கரை கேட்டு வந்தவர்கள்

மன்னார்த் தீவின் மேற்கு முனைக்கு நீங்கள் போனதுண்டா? வாய்ப்புக் கிடைத்தால், ஒரு மாலை நேரத்தில் தலைமன்னார் இறங்குதுறைப் பக்கம் சற்று நின்று பாருங்கள். எதிரே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தனுஷ்கோடி. இடையே, ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் சொல்லப்படும் மணல் திட்டுகள். சில இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான்.

தோணிக்கு வழிவிடும் இந்தக் கடல், பெரிய போர்க்கப்பலுக்கு வழிவிடாது. அந்தப் போர்க்கப்பல்களுக்கும் அடைக்கலம் தேவைப்படும் நேரம் உண்டு. அவை எங்கே போகும்? யார் கரை கொடுப்பார்கள்? அந்தக் கதையை இந்தத் துறையில் நின்றபடியே சொல்கிறேன்.

எம்டனும் ஆயிஷாவும்

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தத் துறை திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மீண்டும் ரயில் என்று பயணம் தொடங்கியது. சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது.

செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. பொல்லாத ஆளை இன்றும் 'எம்டன்' என்கிறோமே, அந்தப் பேச்சு அன்று பிறந்ததுதான். நீரில் ஐந்தரை மீட்டர் அமிழும் அந்தக் கப்பலால் நம் மணல் திட்டுகளைத் தாண்ட முடியாது. எனவே இலங்கையின் கிழக்குக் கரையைச் சுற்றிக்கொண்டு காலி, கொழும்புக் கடலுக்குப் போய், அங்கே வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது.

நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனின் கதையை முடித்தது. அந்த நேரத்தில் மூக்கே என்ற அதிகாரியும் ஏறத்தாழ ஐம்பது வீரர்களும் தந்தி நிலையத்தை உடைப்பதற்காகக் கரையில் இறங்கியிருந்தார்கள். தாய்க் கப்பல் போய்விட்டது. துறையில் பழைய பாய்மரக் கப்பல் ஒன்று நின்றது. அதைக் கைப்பற்றி, அதிலேயே தப்பினார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? ஆயிஷா!

அவர்கள் தேடிப் போனது சுமத்திராத் தீவின் பாடாங் துறைமுகம். அது ஹாலந்துக்காரர் ஆட்சியில் இருந்தது. ஹாலந்து போரில் சேராத நாடு.

24 மணி நேரக் கெடு

இத்தகைய நடுநிலைத் துறைமுகங்களுக்கென்று 1907ஆம் ஆண்டு ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. போரிடும் நாட்டின் கப்பல் வந்தால், பொதுவாக 24 மணி நேரமே தங்கலாம். புயலோ, கப்பலுக்குச் சேதமோ இருந்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். கடலில் மிதந்து செல்லத் தேவையான பழுது பார்க்கலாம். பீரங்கியைச் சரிசெய்யக் கூடாது. சொந்த நாட்டின் அருகிலுள்ள துறையை எட்டுமளவு எரிபொருள் வாங்கலாம். கெடு முடிந்தும் போகாவிட்டால் கப்பலைப் பிடித்துவைத்து, மாலுமிகளையும் தடுத்துவைக்க வேண்டும்.

நவம்பர் இறுதியில் பாடாங் வந்த ஆயிஷாவுக்கும் 24 மணி நேரமே கிடைத்தது. தண்ணீரும் உணவும் தந்தார்கள். கடல் வரைபடம், உடை, சோப்பு, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றைத் தர மறுத்தார்கள். அவை போர் வலிமையைக் கூட்டிவிடுமாம்! மூக்கே பின்னர் தமது நூலில் இதை எழுதியிருக்கிறார்.

பிரஷ்ஷால் பகைவனை வெல்ல முடியுமா என்று சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் அந்தத் துறை அதிகாரியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குச் சலுகை காட்டினால், மறுபக்கத்தின் பீரங்கி தம் ஊரை நோக்கித் திரும்பும். தம் குடிமக்களைப் போரிலிருந்து காக்கவே அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆயிஷா மறுநாள் கடலுக்குத் திரும்பியது. வீரர்கள் வேறொரு கப்பலுக்கு மாறி, 1915 ஜனவரியில் ஏமனின் ஹுதைதாவில் இறங்கி, ஹிஜாஸ் வழியாக இஸ்தான்பூல் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 1939 டிசம்பரில், அடிபட்டு உருகுவேயின் மான்டிவிடியோவில் ஒதுங்கிய ஜெர்மானியக் கப்பல் கிராஃப் ஸ்பேக்கு 72 மணி நேரம் தந்தார்கள். கெடு முடிந்ததும் கப்பல் தலைவர் அதைத் தாமே வெடிவைத்து மூழ்கடித்தார். மூன்று நாளில் தம்மையும் சுட்டுக்கொண்டார்.

இப்னு பதூதா கேட்ட அமான்

ஹேக் ஒப்பந்தத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையில் இதே கேள்வி எழுந்தது. 1344ஆம் ஆண்டு, மாலத்தீவிலிருந்து மஅபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளியது. கரையை ஆண்டவர் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. அவருடைய கப்பல்கள் கொள்ளையடிக்கும் என்று மாலுமிகள் நடுங்கினார்கள். கடலில் நின்றாலோ மூழ்கும் அபாயம். தம்மைக் கரையில் இறக்கிவிட்டால் மன்னரிடம் அமான், அதாவது பாதுகாப்பு வாக்கு, வாங்கித் தருவதாக இப்னு பதூதா சொன்னார். அப்படியே வாங்கியும் தந்தார்.

மன்னர் அவரை மூன்று நாள் விருந்தினராக வைத்து உபசரித்தார். முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துக்களைக் காட்டினார். பாவா ஆதம் மலைக்குப் போக ஆட்களையும் துணையாக அனுப்பினார். அவர்கள் சந்தித்த ஊர், மன்னாருக்குத் தெற்கே உள்ள புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

1990 அக்டோபர்

அதே புத்தளக் கரைக்கு, 646 ஆண்டுகள் கழித்து, நம்மவர்கள் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த கெடு இரண்டே மணி நேரம். மன்னார்க்காரர்களுக்குச் சில நாட்கள். போர்க்கப்பலுக்குக்கூட 24 மணி நேரமும் எரிபொருளும் உண்டு. பிள்ளையைத் தோளில் சுமந்த தாய்க்கு, யாழ்ப்பாணத்தில் அதுவும் இல்லை.

எருக்கலம்பிட்டி உள்ளிட்ட தீவின் ஊர்மக்கள் படகேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். போர்க் காலத்தில் இதே மன்னார்க் கரையிலிருந்து தமிழ் மக்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் படகேறினார்கள்.

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். அவ்வூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில் போட இடம் தந்தார்கள். சில மாதங்கள் என்று நினைத்தது இருபது ஆண்டுகளைத் தாண்டியது. கிணறும் பள்ளிக்கூட இடமும் கூலி வேலையும் பங்கிடப்பட்டபோது மனத்தாங்கல்களும் வந்தன; அதை மறைக்கத் தேவையில்லை. 2009இல் போர் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினார்கள். பலருடைய வீடு இடிந்திருந்தது. நிலத்தில் காடு மண்டியிருந்தது. புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களும் பலர்.

பீரங்கியோடு வந்தவனுக்குக் கெடு வைப்பது நியாயம். வெறுங்கையோடு வந்தவர்களுக்குப் புத்தளம் கெடு வைக்கவில்லை.

வாசகர்களே, அன்று படகில் வந்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இன்றே கேளுங்கள்: கரையிறங்கியதும் முதல் குடம் தண்ணீர் தந்தது யார்? அந்தப் பெயரை வீட்டில் எழுதி வையுங்கள். கொடுத்தவர்கள் மறந்திருக்கலாம், வாங்கிய நாம் மறக்கலாகாது.