அப்பத்தாவைத் தொலைத்த கதை

(இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு)

ஒருவரைத் தேடிப் போக வேண்டுமானால் ஊர் தெரிய வேண்டும், தெரு தெரிய வேண்டும், கதவு எண் தெரிய வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் வீட்டில் ஆள் இல்லை என்றால்? சென்ற விடுமுறையில் என் அப்பத்தாவை நான் அப்படித்தான் தொலைத்தேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே, முழுக்கதையும் கேளுங்கள்!

அப்பா எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். வெள்ளைத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் போதும், அறுபது நிமிடக் கேசட்டிலோ தொண்ணூறு நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார். சி.டி. வந்தது, எம்.பி.3 வந்தது... 2003-ல் கடைக்குப் பூட்டு விழுந்தது. மிஞ்சியவை பரண் மேல் இருந்த 112 கேசட்டுகள்.

அதில் ஒன்றில் மட்டும் சினிமாப் பாட்டு இல்லை. 1998-ல் அக்காவைத் தொட்டிலில் போட்ட அன்று அப்பத்தா பாடிய தாலாட்டை அப்பா கடை மைக்கில் பதிந்து வைத்திருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பத்தா போய்விட்டாள். எனக்கு அவள் முகம் போட்டோவில்தான் தெரியும், குரல் அந்தக் கேசட்டில்தான் தெரியும். இப்போது அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "பிள்ளையைத் தொட்டில்ல போடுறப்ப ஆத்தா குரல் கேக்கணும்டா" என்றார் அப்பா.

வேலையில் இறங்கினேன். பழைய டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, வயர் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, ஆடாசிட்டியில் பதிந்தேன். இதில் அவசரப்பட வழியில்லை. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். அப்பத்தா கேசட் ஓடி முடிந்து வெளியே எடுக்கும்போது நாடா சிக்கிக் கசங்கி அறுந்தது. "பதிஞ்சாச்சுல்ல, போகட்டும் விடு" என்றார் அப்பா. எனக்கும் பெருமைதான்.

இத்தனை பாட்டையும் அடுக்கி வைக்க பீட்ஸ் என்ற இலவச மென்பொருளை லினக்ஸில் போட்டேன். இதில் பளபளக்கும் திரை கிடையாது. 'கான்ஃபிக் டாட் யாமல்' என்ற ஓர் எழுத்துக் கோப்புதான் அதற்கு மூளை. அதில் முக்கியமாக மூன்று விஷயம் எழுத வேண்டும். பாட்டுகள் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 'டைரக்டரி'. எது எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை எங்கே வைப்பது என்பதற்கு 'லைப்ரரி'. உள்ளே எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு 'பாத்ஸ்'. வெளிநாட்டு ஆல்பம் என்றால் பாடகர் பெயர், ஆல்பம் பெயர் என்று அடுக்கலாம். நம் சினிமாப் பாட்டில் ஒரே படத்தில் ஐந்து பேர் பாடியிருப்பார்களே! அதனால் படத்தின் பெயர், ஆண்டு, பாட்டு என்று வரிசை கொடுத்தேன். யாமல் கோப்பில் வரியை உள்ளே தள்ள டேப் சாவியைத் தட்டினால் ஒத்துக்கொள்ளாது, ஸ்பேஸ்தான் போட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி போனது.

பாட்டுகள் இருக்க வேண்டிய இடமாக வெளி ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினேன். 'எம்.என்.டி' என்ற அடைவுக்குள் 'இசை' என்று ஒரு காலி ஃபோல்டர் செய்து, என் பெயரிலேயே உரிமையும் கொடுத்து, கம்ப்யூட்டர் எழுந்தவுடன் டிஸ்க் அதில் வந்து அமரும்படி ஏற்பாடு செய்தேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் நிற்காமல் எழட்டும் என்று 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்தேன். பீட்ஸ் வழக்கமாகப் பாட்டை நகல்தான் எடுக்கும். இடம் அடைக்குமே என்று நான் மகா புத்திசாலித்தனமாக 'மூவ்' என்று மாற்றினேன். அதாவது, எடுத்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது.

ஒருநாள் இரவு கரண்ட் போய் வந்தது. கடைசி 14 கேசட்டின் பாட்டுகளை, அப்பத்தாவையும் சேர்த்து, உள்ளே ஏற்றினேன். எல்லாம் சரி என்றது. மறுநாள் பார்த்தால் டிஸ்க்கின் கேபிள் கழன்று கிடக்கிறது! அம்மா பெருக்கும்போது இடறியிருக்கிறது. செருகிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். பழைய பாட்டெல்லாம் இருக்கிறது. அந்தப் பதினான்கு கேசட் மட்டும் இல்லை. பீட்ஸைக் கேட்டால் அப்பத்தாவின் முழு விலாசத்தையும் சொல்கிறது. அந்த விலாசத்துக்குப் போனால் கோப்பு இல்லை. பதிவேட்டில் ஆள் உண்டு, அலமாரியில் இல்லை. கேசட்டும் அறுந்தாயிற்று. தொட்டில் போட இரண்டே நாள்! அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் லேப் இன்ஸ்ட்ரக்டர் சாருக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை. "தம்பி, உள் டிஸ்க்குல எவ்வளவு தீர்ந்திருக்குன்னு பாரு. அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டரா கூட்டிப் பாரு" என்றார். பார்த்தேன். "நாலு ஜி.பி. உதைக்குது சார்."

"அப்ப உன் பாட்டி வீட்டுக்குள்ளதான் இருக்காங்க. ஹார்ட் டிஸ்க்க அன்மவுன்ட் பண்ணிட்டு அந்த 'இசை' ஃபோல்டரைத் திற."

திறந்தேன். அப்பத்தா இருந்தாள்!

நடந்தது இதுதான். டிஸ்க் இல்லாத நேரத்திலும் 'இசை' என்ற காலி ஃபோல்டர் உள் டிஸ்க்கில் இருந்தது. பீட்ஸ் அதற்குள்ளேயே பாட்டுகளை வைத்துவிட்டது. பிறகு வெளி டிஸ்க் வந்து அதே இடத்தில் அமர்ந்ததும் அடியில் இருந்தவை மறைந்துவிட்டன. தரையில் கிடக்கும் சாவியின் மேல் பாயை விரித்துவிட்டு, வீடெல்லாம் சாவியைத் தேடுவது மாதிரி! பாயைச் சுருட்டினால் சாவி.

தொட்டில் போட்ட அன்று ஸ்பீக்கரில் அப்பத்தா பாடினாள். நடுவில் 1998-ன் அழுகை ஒன்று கேட்டது, அது அக்கா. தொட்டிலில் கிடந்த அவள் பெண் கண்ணை மூடிவிட்டாள். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து கொல்லைப்புறம் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துடா" என்றார். அவ்வளவுதான்.

ஜூனியர் தம்பி தங்கைகளே! நான் பட்டது உங்களுக்குப் பாடமாகட்டும். ஒன்று, நிலைக்காத இடத்தை விலாசமாகக் கொடுத்தால், ஏற்றும் முன் டிஸ்க் உண்மையில் வந்து அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, டிஸ்க் இல்லாதபோது அந்தக் காலி ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள். அப்போது மென்பொருள் தவறான இடத்தில் வைக்காமல் உடனே அலறும், அலறுவது நல்லது. மூன்று, 'மூவ்' வேண்டாம், நகல் எடுங்கள். இடம் போனால் காசு கொடுத்து வாங்கலாம்.

இப்போது அப்பத்தா மூன்று டிஸ்க்கில் இருக்கிறாள். அறுந்த கேசட்டை அப்பா தூக்கிப் போடவில்லை, பீரோவில் வைத்திருக்கிறார். அதற்கு எந்த விலாசமும் எழுத வேண்டியதில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.