வியூ பாயிண்ட்

பீசாவிலிருந்து வடக்கே ரயிலில் போகும்போது வலதுபக்கம் மலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. ஜூன் மாதத்தில் இவ்வளவு பனியா என்று ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் சிரித்துவிட்டு, "மார்மோ" என்றார். கராரா ஸ்டேஷன் பலகை வந்த பிறகுதான் உறைத்தது. சலவைக்கல் வெட்டிய மலை.

பத்து வயதில் ஈரத்துணி போட்டு நான் துடைத்த தரையை இத்தாலிக் கல் என்பார்கள். இந்த மலையிலிருந்தேகூட வந்திருக்கலாம்.

அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். வாட்ச்மேன் என்று சொன்னால் கோபம் வரும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பதினோரு புள்ளிக்குச் சொந்தம். நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றி அவரவருக்கு ஓர் அறை உண்டு. பூட்டும் உண்டு. சாவிக்கொத்து மட்டும் அப்பாவிடம்.

அன்று நான் போனது வெர்னாட்சாவுக்கு. ஜெர்மனியில் ஆன்சைட்டில் இருந்த காலம். எல்லாரும் வால்பேப்பரில் பார்த்திருக்கும் கடலோரக் கிராமம்தான். துறைமுகத்தை ஒட்டித் தேவாலயம், பாறை மேல் டோரியா கோட்டையின் உருண்டைக் கோபுரம், மஞ்சளும் ரோஸுமாக வீடுகள். மொன்டெரோஸோ போகும் மலைப்பாதையில் கொஞ்சம் ஏறினால் வியூ பாயிண்ட். வரிசையில் நின்று ஒரே போட்டோவை எல்லாரும் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

அவர் கடலைப் பார்க்கவில்லை. மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டியிருந்த கல் வரப்புகளைக் காட்டச் சொன்னார். சாந்தில்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள், நடுவே திராட்சைக் கொடி.

"இதையெல்லாம் யாருப்பா பாத்துக்கிறா?"

தெரியவில்லை. அன்றிரவு அறையில் படித்தேன். 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரம் கொட்டிய மழையில் அந்த ஊரே சேற்றில் மூழ்கியிருக்கிறது. உயிர்ச்சேதமும் உண்டு. விவசாயத்தை விட்டு ஆட்கள் போய், பராமரிப்பில்லாமல் சரிந்த அந்தக் கல் சுவர்களையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை.

எங்கள் ஊருக்கு வருகிறவர்களும் இப்போது வியூ பாயிண்ட் எங்கே என்று கேட்கிறார்கள். பொட்டல் காடு, மலையா இருக்கிறது? உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் திருமயம் கோட்டைக்கு அனுப்புவோம். சேதுபதிகள் காலத்துக் கோட்டை, உச்சியில் ஒரு பீரங்கி, காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் செட்டிநாட்டைப் பார்க்க மொட்டை மாடிதான் சரி. அப்பாவோடு ஏறியதால் எனக்கு வாய்த்தது. நாட்டு ஓட்டுக் கூரைகள் அலை அலையாகப் போகும். நடுநடுவே சதுரச் சதுரமாக வளவுகளின் வாய். ஓடு குடித்த மழை அந்த வாய்களில் விழுந்து, தெருக் கால்வாய் பிடித்து, ஊருணிக்குப் போகும். இரண்டு கூரை சேருமிடத்தில் வேப்பிலை அடைத்தால் போதும், தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிடும். பர்மாத் தேக்கும் முட்டை வெள்ளைக்கரு அரைத்த பூச்சும் நாலு மழை தாங்காது. வருஷா வருஷம் புரட்டாசியில் அப்பா கூரை ஏறுவது அதற்காகத்தான். நான் கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பேப்பரை அப்பா ஆச்சியிடம் வாசித்துக் காட்டினார். "பட்டியலு ஓடு மாத்துமாண்ணே?" என்றார் ஆச்சி. அந்த வீட்டில் கடைசியாகத் தங்கியிருந்தவர் அவர்தான்.

ஆச்சி போன பிறகு புள்ளிகள் கூடிப் பேசினார்கள். சென்னை, கோலாலம்பூர், ஒருவர் டெக்ஸாஸிலிருந்து ஜூமில். ஓடு மாற்ற ஆகும் தொகையைப் பதினொன்றாகப் பிரித்தாலும் பெரிசு. வருஷத்தில் ரெண்டு நாள் படைப்புக்குத் திறக்கும் வீடு. தை பிறந்ததும் பிரித்துவிடலாம் என்று முடிவு. தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகும். அங்கிருந்து ஏதாவது ரிசார்ட்டுக்கு.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர உரிமையும் இல்லை. பெங்களூரில் ஈஎம்ஐ கட்டுகிற நான், அந்தக் கூரைக்கு ஏறிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. போட்டோ மட்டும் வைத்திருக்கிறேன். சாவியைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை.

புரட்டாசிக் கடைசியில் போன் செய்தபோது மூச்சு வாங்கியது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"கூரையில. எலை அள்ளிட்டு இருக்கேன்."

"தையில பிரிக்கப் போறாங்கப்பா!"

"தையிலதானே தம்பி. ஐப்பசியில மழ பெய்யாதா?"

அவருக்கு வயது 68. அன்றிரவே பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் ஏணியை அவர் பிடித்துக்கொண்டார். ஒன்றரைச் சாக்கு இலை வந்தது.