அடையாற்றங்கரை

சென்னைப் பட்டணத்தில் அடையாற்றைத் தினந்தோறும் கடந்து போகிறவர்கள் பல்லாயிரம் பேர். அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. வண்டி திரு.வி.க. பாலத்தின்மேல் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். மூக்கைப் பொத்தும்போது கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்கிறது போலும்!

என் கண்ணைத் திறந்துவிட்டவள் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் தமக்கையின் மகள். பத்து வயது. தாமிரபரணியில் முழுகி எழுந்து வளர்ந்த பெண். பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தவள், "மாமா, இந்த ஆத்துல யாரும் குளிக்க மாட்டாவளா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் அவளை அழைத்துக்கொண்டு நடந்தேன்.

பாலத்தைக் கடந்ததும் ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம் இருக்கிறது. (பார்வையாளரை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொண்டு போவது நலம்.) வாயிலுக்கு வெளியே மோட்டார்களின் இரைச்சல், உள்ளே நூறடி நடந்தால் அணிலின் சத்தம் காதில் விழுகிறது. 1882-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையார் 1907 முதல் சபைத் தலைவராக இருந்ததும், 1916-இல் சுயாட்சி இயக்கம் கண்டதும், மறு ஆண்டே காவலில் வைக்கப்பட்டு, விடுதலையாகிக் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்ததும் நேயர்கள் அறிந்தவையே. ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கியதும் இந்த அடையாற்றில்தான். 1939-இல் மாண்டிசோரி அம்மையார் வந்து ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியதும் இங்கேதான். 1886-இல் நிறுவப்பட்ட நூல்நிலையத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் இருக்கின்றன.

குழந்தைக்கு இவை ஒன்றும் பெரிதாகப்படவில்லை. அவள் ஆலமரத்தைத் தேடினாள்.

நானூற்றைம்பது வயது என்று சொல்லப்படும் மரம் அது. முன்னே போய் நின்றவள் சுற்றிச் சுற்றி வந்தாள். "அடிமரம் எங்கே, மாமா?" என்றாள். அடிமரம் இல்லை. 1989-இல் அடித்த புயற்காற்றில் அது சாய்ந்துவிட்டது. விழுதுகள் மட்டும் தூண் தூணாக நிற்கின்றன. அவற்றின் மேலே பச்சைப் பந்தல். தாயை இழந்த பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு வீட்டை நடத்துவது போல இருந்தது எனக்கு. அவளோ ஒவ்வொரு விழுதாக எண்ணத் தொடங்கிப் பாதியில் கணக்கை விட்டுவிட்டாள். அங்கிருந்து கிளம்ப எனக்கும் மனம் வரவில்லை.

மாலையில் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனோம். சுண்டலும் பட்டமும் பெருங்கூட்டமும் அங்கே உண்டு. மணலில் நிற்கும் வெள்ளை மண்டபம், 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறர் உயிரைக் காக்கக் கடலில் இறங்கித் தம் உயிரை இழந்த ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் ஞாபகச் சின்னம். அதன் நிழலில் உட்கார்ந்திருப்பவர்களில் பெயர் தெரிந்தவர் எத்தனை பேரோ!

அங்கிருந்து வடக்கே ஊரூர்க் குப்பத்தின் பக்கம் போனால் முகத்துவாரம். 1977-இல் வெள்ளத்தில் இடிந்த பாலம் பாதியில் நிற்கிறது. செம்பரம்பாக்கம் முதலான ஏரிகளின் உபரி நீரைச் சுமந்துவரும் இந்த ஆறு, 2015 டிசம்பரில் கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆற்றின் வழியை அடைத்து வீடு கட்டியவர்கள் நாம். பழியை மட்டும் ஆற்றின்மேல் போட்டோம். அன்று மாலையோ அது சாதுவாகக் கிடந்தது. கொக்குகள் சேற்றில் நின்றன. ஒரு மீனவர் வீச்சு வலையை விரித்து எறிந்தார். இழுத்தபோது வெள்ளியாய் நாலைந்து துள்ளின.

"மீன் இருக்கே!" என்றாள் குழந்தை, மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு. சற்று நேரம் கழித்து, "நம்ம ஆறு எங்க மாமா கடல்ல போய்ச் சேரும்?" என்று கேட்டாள். புன்னைக்காயலில் என்றேன். நானே அந்த ஊரைப் பார்த்ததில்லை என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். கோடை விடுமுறைக்கு அங்கே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் கரையை விட்டு எழுந்தாள்.