அனாமத்து

17.4.98 – எலுமிச்சை ஜூஸ் 2.50, வாடகை சைக்கிள் 2.00, லெண்டிங் லைப்ரரி 0.50. ஆக மொத்தம் ஐந்து ரூபாய்.

போன மாதம் பரணை ஒழித்தபோது கிடைத்த பழைய நோட்டின் முதல் பக்கம் இது. பி.காம் முதல் வருஷப் பரீட்சை முடிந்த அன்றைக்கே எழுத ஆரம்பித்திருக்கிறேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு, நடுவில் ஸ்கேல் வைத்து அடித்த சிவப்புக் கோடு. அந்த வயசில் வேறு எதிலும் நான் அவ்வளவு ஒழுங்காக இருந்ததாக ஞாபகம் இல்லை.

கணக்கு எங்கள் குடும்ப வியாதி. அப்பா, திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதினார். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று அவர் உலகம் தனி. காலேஜில் படித்த 'உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு' என்ற விதியை வீட்டில் ஒப்பித்தேன். அப்பா மோவாயைத் தடவிக்கொண்டே, ''நம்ம வீட்டுக்கு உள்ளே எதுவும் வர்றதே இல்லையேடா... அப்ப நமக்கு எல்லாமே வரவுதானா?'' என்றார். இந்த முறையை 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாசியோலி என்ற துறவி புத்தகமாக அச்சிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன். ''அந்தாளும் மண்டியிலதான் இருந்தாரா?'' என்று கேட்டார். அதோடு பாசியோலி பேச்சை விட்டுவிட்டேன்.

வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதிப் பக்கம், ஒரு ஸ்டோர் குடித்தனம். நாங்கள் நான்கு பேர் ஒரு செட். அதில் ஒருத்தனை 'நெட்டை' என்போம். ஆறடி இருப்பான். சொந்தப் பேரை எழுதினால் கோபித்துக்கொள்வான் என்பதால் இங்கேயும் நெட்டையாகவே இருக்கட்டும். அவனும் என்னோடு பி.காம்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டி.

காலையில் ஏழிலிருந்து எட்டு வரை டைப்ரைட்டிங். அன்றைக்கெல்லாம் திருச்சியில் காமர்ஸ் படிக்கும் பையன் 'லோயர்' முடிக்காவிட்டால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. ரெமிங்டன் மெஷினில் 'ஏ எஸ் டி எஃப்' தட்டித் தட்டி, இடது கை சுண்டு விரல் மட்டும் தனியாக வீங்கும். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை அடித்தால் லோயர் பாஸ். பக்கத்து மெஷினில் தாவணி போட்ட பெண் உட்கார்ந்துவிட்டால் ஸ்பீடு கூடும், தப்பும் கூடும். மாஸ்டர் பேப்பரை உருவி, சிவப்பு மையால் சுழித்துவிட்டு, ''தம்பி, கீ போர்டு இந்தப் பக்கம் இருக்கு'' என்பார்.

மத்தியான வெயிலுக்கு லெண்டிங் லைப்ரரி. நாளொன்றுக்கு எட்டணா. ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவலை ஒருத்தன் காசு கொடுத்து எடுப்பான், திருப்பித் தருவதற்குள் நான்கு பேரும் முடித்துவிடுவோம். கொலைகாரன் பேரை முன்கூட்டியே சொல்லிவிடுபவனுக்கு ஒரு வாரம் பேட்டிங் கிடையாது.

பேட்டிங் என்றால் காவிரியில். சித்திரையில் ஆறு முக்கால்வாசி மணல். பாலத்துக்குக் கீழே ஓரமாக வாய்க்கால் அகலத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் ஓடும். மணலில் பந்து எழும்பாது என்பதால், வண்டல் காய்ந்து இறுகிய இடமாகத் தேடி ஸ்டம்ப் நடுவோம். தாகம் எடுத்தால் அதே இடத்தில் கையால் ஒரு முழம் தோண்டுவோம். முதலில் கலங்கல். இறைத்துவிட்டுக் காத்திருந்தால் கண்ணாடி மாதிரி ஊறும். அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு, சார். அதற்கு நோட்டில் செலவுக் கணக்கே இல்லை.

ஏப்ரல் 22-ம் தேதி ராத்திரி ஷார்ஜாவில் மணல் புயல் அடித்தது. புயல் ஓய்ந்த பிறகு சச்சின் அடித்தார், 143. இந்தியா தோற்றது. ஆனால், ரன் ரேட்டில் ஃபைனலுக்குப் போய்விட்டது. ஸ்டோரில் கலர் டி.வி. இருந்த ஒரே வீட்டின் கூடத்தில் முப்பது பேர். நெட்டை எல்லோருக்கும் பின்னால் நின்று, எங்கள் தலைகளுக்கு மேலாகப் பார்த்தான். அவன் தோளில் அந்த வீட்டுக் குழந்தை. தோற்ற மேட்ச்சுக்கு அவ்வளவு கைதட்டிய கூட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, 24-ம் தேதி வெள்ளிக்கிழமை, ஃபைனல். சச்சினுக்கு 25-வது பிறந்த நாள். அதே நாளில் 'ஜீன்ஸ்' ரிலீஸ். பிரசாந்துக்கு ரெண்டு வேஷம், நாசருக்கு ரெண்டு வேஷம், ஐஸ்வர்யா ராய்க்கு ஒரு வேஷமும் ஒரு பொய் வேஷமும். பகலில் படம், ராத்திரி மேட்ச் என்று திட்டம். டிக்கெட் பிளாக்கில் ஐம்பது ரூபாய்.

''எனக்கு ஷங்கர் படமெல்லாம் பிடிக்காது மாப்ள. நீங்க போயிட்டு வாங்க'' என்றான் நெட்டை.

'ஜென்டில்மேன்' படத்தை மூன்று தடவை பார்த்தவன் அவன். ''காசை அவுக்க மனசு வரலைன்னு சொல்லுடா, கஞ்சம்!'' என்று சொன்னது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நோட்டில் அன்றைய பக்கம் தெளிவாக இருக்கிறது. டிக்கெட் 50, இன்டர்வெல் 8, பஸ் 3. ராத்திரி சச்சின் 134 அடித்து ஜெயிக்க வைத்தார். அது இலவசம்.

அந்த ஐம்பது ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

ஏப்ரல் 18-ம் தேதி சனிக்கிழமை, மண்டியில் வாரச் சம்பளம் வாங்கிய கையோடு அப்பா எனக்கு நூறு ரூபாய் கொடுத்திருந்தார். ஆகஸ்ட் டைப்ரைட்டிங் பரீட்சைக்குக் கட்ட வேண்டிய பணம். ''கட்டறதுக்கு நாள் இருக்கேப்பா...'' என்றதற்கு, ''கையில இருக்கறப்பவே வாங்கி வெச்சுக்க. அப்புறம் கேட்டா இருக்காது'' என்றார். கைச்செலவுக்கு வாரம் இருபது ரூபாய் தனி. அதில் 'ஜீன்ஸ்' பார்க்க முடியுமா? பரீட்சைப் பணத்திலிருந்து எடுத்தேன். எடுத்ததை முறையாக எழுதியும் வைத்தேன், 'கைமாற்று – பரீட்சை ஃபீஸ் கணக்கிலிருந்து'. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட கடன். வட்டிகூடப் போட்டிருக்கிறேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு தடவை கை வைத்தால் முடிந்தது. ஏப்ரல் 29, முக்கொம்பு. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இருக்கும் இடம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அதேதான். கோடையில் அங்கே பார்க்கத் தண்ணீர் அதிகம் இருக்காது. மரநிழலும் ஊஞ்சலும் மாங்காய்ப் பத்தையும்தான். ஆனாலும், போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதிப்பது ஒரு வீரம். நான்கு பேருக்கு நான்கு சைக்கிள் எடுக்கப் போனோம். நெட்டை என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். ''நாம ரெண்டு பேருக்கு எதுக்குடா ரெண்டு சைக்கிள்? நீ பின்னால உக்காரு. நான் மிதிக்கிறேன். எனக்குக் காலு நீளம்.'' மிதித்தான். போகும்போதும், வரும்போதும். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. நான் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தேன். சைக்கிள் மிதிப்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை என்று நினைத்தேன்.

மே மாதம் முதல் வாரத்தில் 90 நிமிஷ கேசட் வாங்கி, பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தேன். 55 ரூபாய். 'பி' சைடு முடிவில் ஒரு பாட்டு பாதியில் நின்றுவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் என் காது தானாக நின்றுவிடுகிறது.

9.5.98 – கையிருப்பு 3.75.

மே 18-ம் தேதி திங்கள்கிழமை கட்டக் கடைசி நாள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் மறுபடி கேட்க முடியாது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம், வீட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வேறு வேலை இருந்தது. நெட்டையைப் பார்ப்பதும் அரிதாகிவிட்டது. மே 4-லிருந்து பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தான். ''சும்மா, டைம் பாஸ் மாப்ள. வீட்ல உக்காந்தா போரடிக்குது'' என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவான்.

மே 17, ஞாயிறு. ராத்திரி கணக்கு எழுத நோட்டைத் திறந்தேன். 9-ம் தேதிப் பக்கத்தில், மடிக்காத ஒரு நூறு ரூபாய் நோட்டு.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். மறுநாள் கட்டிவிட்டேன். ஆனால், கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வந்த பணத்துக்கு ஒரு பேர் வேண்டும். யாரிடமிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தெரியாத தொகையை அப்போதைக்கு நிறுத்திவைக்க ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலீஷில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். தமிழில் அனாமத்து. விவரம் தெரிந்ததும் உரிய பேருக்கு மாற்றி, அனாமத்தை மூடிவிட வேண்டும். அதுதான் விதி.

'17.5.98 – அனாமத்து – வரவு 100.00.'

அதோடு நோட்டு முடிகிறது. ஆகஸ்ட்டில் லோயர் பாஸ். அந்த விரல்களை வைத்துத்தான் பத்திரிகை ஆபீஸில் முதல் வேலை கிடைத்தது. அதற்கு முன்பே, ஜூனில் காலேஜ் திறந்தபோது, நெட்டை வரவில்லை. இரண்டாம் வருஷ ஃபீஸ் கட்டவில்லை என்பதும், அவன் அப்பாவுக்குப் பிப்ரவரியிலிருந்தே வேலை இல்லை என்பதும் அப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் செட்டில் ஒருத்தன் வீட்டில் நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. நாங்கள் தினமும் சாயங்காலம் அவனோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த நூறு ரூபாயை அப்பா வைத்ததாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு நோட்டு எங்கே கிடந்தாலும் எடுத்துப் புரட்டுகிற கை அவருடையது. புரட்டியிருப்பார், 'கைமாற்று' பார்த்திருப்பார், சொல்லாமல் வைத்திருப்பார். 2009-ல் அவர் இறந்தபோது, காரியமெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்த ராத்திரி எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நோட்டுதான்.

பரணிலிருந்து இறக்கியதும் அம்மாவிடம் காட்டிச் சொன்னேன். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தாள். ''உங்கப்பாவா? பத்து ரூபா இடிச்சாலே ராத்திரி பூரா லைட்டைப் போட்டுக்கிட்டு கூட்டிட்டு இருப்பாரு. அவரு நூறு ரூபாயை நோட்டுல வெச்சுட்டு சும்மா இருப்பாராடா? வெச்சிருந்தா ரசீது கேட்டிருப்பாரு.''

அக்காவிடம் போனில் கேட்டேன். ''எனக்குப் பூ வாங்கவே காசு கிடையாது. போடா...'' என்றாள்.

மகளுக்கு விஷயமே புரியவில்லை. பிளஸ் ஒன் முடித்து லீவில் இருக்கிறாள். ஐஸ்க்ரீம் சாப்பிட்டால்கூட போனில் கணக்கு தானாக ஏறிவிடுகிறது. ''யார் அனுப்பினாங்கன்னு தெரியாம எப்பிடிப்பா பணம் வரும்?'' என்றாள்.

அன்று ராத்திரி பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மே 17-ம் தேதிப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது. 'டீ – 2 (நெட்டைக்கும் சேர்த்து) – 3.00'. அன்றைக்கு அவன் வந்திருக்கிறான். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, ''கணக்கைக் காட்டுடா, தப்பு இருக்கான்னு பார்க்கறேன்'' என்று நோட்டை வாங்கினான். எனக்கு நானே கடன் கொடுத்த வரியைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தான். நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது நோட்டை மூடி வைத்திருந்தான்.

ஜவுளிக்கடையில் அவனுக்கு வாரக் கூலி. இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

போன் பண்ணினேன். லால்குடியில் இப்போது சொந்தமாகச் சின்ன ரெடிமேட் கடை வைத்திருக்கிறான். நோட்டு கிடைத்த கதையைச் சொன்னேன். 9-ம் தேதிப் பக்கத்தைச் சொன்னேன். ''அந்த நூறு ரூபா நீதானேடா?'' என்றேன்.

''ஐந்தொகை டேலி ஆச்சா, இல்லையா?''

''ஆச்சு.''

''ஆச்சுல்ல... அப்புறம் என்ன இப்ப? 27 வருஷம் கழிச்சு ஆடிட் பண்ணிக்கிட்டிருக்கே?''

''சொல்லுடா...''

''வேற என்ன எழுதியிருக்கே? படி, கேட்கறேன்.''

படித்தேன். ஜூஸ், சைக்கிள், லைப்ரரி. ஒவ்வொன்றுக்கும் சிரித்தான். அவன் கடையில் யாரோ சைஸ் கேட்கிற சத்தம். ''ஒரு நிமிஷம்மா'' என்றான்.

''24-ம் தேதி என்ன போட்டிருக்கே?''

நான் தயங்கினேன். ''ஜீன்ஸ்... டிக்கெட் 50, இன்டர்வெல் 8, பஸ் 3.''

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

''பாட்டெல்லாம் அப்புறமா டி.வி-ல பார்த்தேன் மாப்ள. ஏழு அதிசயத்தையும் காட்டுவானே, அது...''

''ம்...''

''தியேட்டர்ல நல்லாருந்துச்சா?''

''நல்லாருந்துச்சுடா'' என்றேன்.