புழு நிறம் மாறினால் மருமகள் என்ன செய்வாள்?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுக்காரர்கள் கட்டாயம் படியுங்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பட்டுப்புழுவைப் பற்றி நம் தருமபுரிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலக்கோடு, பென்னாகரம், நல்லம்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் மல்பெரித் தோட்டம் கண்ணில் படும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வெளி மாவட்ட விவசாயிகளும் கூடு கொண்டுவருகிறார்கள். என்னிடம் படித்த பல பிள்ளைகள் காலையில் புழுவுக்குத் தழை போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள்.

அப்படி வந்த ஒரு பெண் இப்போது புழு வளர்க்கிற வீட்டுக்கே மருமகளாகப் போயிருக்கிறாள். பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போன தை மாதம் ஒரு ராத்திரி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"டீச்சர், நாலாவது தோல் உரிச்சு எந்திரிச்ச புழு ஒரே தட்டுல ரெண்டு மாதிரி இருக்குது. பாதி வெள்ளையா இருக்குது. பாதிக்கு முதுகுல கருப்பா குறி இருக்குது. நான் தீட்டோட கொட்டகைக்குள்ள போனதாலதான் இப்படி ஆச்சுன்னு மாமியார் சொல்றாங்க. குறி இருக்கிற புழுவையெல்லாம் பொறுக்கிக் கொட்டணுமாம்."

பாதிப் புழுவைக் கொட்டினால் பாதி வருமானம் போச்சு. கொட்டகை கட்டிய கடன் வேறு இருக்கிறது. பணம் போனால் அடுத்த முறை சம்பாதிக்கலாம். வீட்டுக்கு வந்த முதல் வருஷமே "இவள் கால் பட்டு புழு கெட்டது" என்ற பேர் வந்தால் அது எத்தனை வருஷம் கூடவே வரும் என்று நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

இரண்டே கேள்வி கேட்டேன். புழு தழை தின்கிறதா? உடம்பு உப்பி, தோல் கிழிந்து பால் மாதிரி வடிகிறதா? "நல்லா தின்னுது டீச்சர், உப்பல் எதுவும் இல்லை" என்றாள். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் இரண்டு கண் மாதிரி குறி, முதுகு நடுவில் பிறை மாதிரி குறி. பக்கத்து வீட்டில் "கண்ணு பட்டுடுச்சு" என்றார்களாம். கண் இருந்தது வாஸ்தவம்தான். புழு பிறக்கும்போதே கொண்டுவந்த கண் அது!

பட்டுப்புழுவில் குறி உள்ள ரகமும் உண்டு, குறி இல்லாத ரகமும் உண்டு. குறி இருப்பது ஓங்கு பண்பு. குறி இல்லாதது ஒடுங்கு பண்பு. தாய் தகப்பன் அந்துப்பூச்சிகளில் ஒன்று இரண்டு பண்பையும் கலந்து வைத்திருந்து, மற்றது குறி இல்லாததாக இருந்தால், பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி குறியோடும் பாதி குறி இல்லாமலும் வரும். இரண்டு வகை முட்டை கலந்து வந்தாலும் இதே மாதிரி தெரியும். எப்படியானாலும் அது முட்டையிலேயே முடிவான விஷயம். முட்டை வீட்டுக்கு வந்த பிறகு கொட்டகைக்குள் யார் போனாலும் போகாவிட்டாலும் அது மாறாது.

இது நான் கண்டுபிடித்ததில்லை. மெண்டல் பட்டாணிச் செடியை வைத்து 1866இல் வெளியிட்ட கணக்கை 1900 வரை உலகம் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கணக்கு பூச்சிக்கும் பொருந்தும் என்று முதலில் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த தொயாமா கமேதாரோ. அவர் அதற்கு எடுத்துக்கொண்டது பட்டுப்புழுவைத்தான். அன்று சயாம் என்று சொன்ன தாய்லாந்தில் பட்டு வளர்ப்பு வேலைக்குப் போன இடத்தில் மஞ்சள் கூடு கட்டும் புழுவையும் வெள்ளைக் கூடு கட்டும் புழுவையும் இணை சேர்த்தார். முதல் தலைமுறை முழுவதும் மஞ்சள். அடுத்த தலைமுறையில் மூன்று பங்கு மஞ்சள், ஒரு பங்கு வெள்ளை. 1906இல் இதை வெளியிட்டார். நம் ஊர்க் கலப்பின மஞ்சள் கூடும் இதே கணக்குதான். மஞ்சள் கூடு கட்டும் மைசூர் ரகத் தாய்க்கும் வெள்ளைக் கூடு கட்டும் ரகத் தகப்பனுக்கும் பிறந்தது.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? மல்பெரி இலையிலிருந்து. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் வகையைச் சேர்ந்த பொருள் இலையிலும் இருக்கிறது. வெள்ளைப் புழுவும் அதே இலையைத்தான் தின்கிறது. குடலிலிருந்து அந்த நிறத்தை ரத்தத்துக்கு எடுத்துச் செல்லும் ஒரு புரதம் மஞ்சள் புழுவுக்கு உண்டு. அது இல்லாத புழு வெள்ளைக் கூடு கட்டுகிறது. மஞ்சளில் பெரும்பகுதி நூலின் மேலிருக்கும் பசையில்தான் இருக்கும். பசையைக் காய்ச்சி எடுத்தால் நிறமும் போய்விடும். மஞ்சள் கூட்டுக்கு விலை குறைவதும் நிறத்தால் அல்ல. வெண்பட்டுக் கூட்டில் நூல் நீளம், தரமும் அதிகம், அதனால்தான்.

போனில் அவளிடம், "குறி வெச்ச புழு நூறை மட்டும் தனிச் சந்திரிகையில் விடும்மா. மற்றதை வழக்கம்போல விடு. கூடு எடுக்கிற அன்னைக்கு இரண்டையும் மாமியார் முன்னால் வை" என்றேன். வாக்குவாதம் வேண்டாம், கூடே பேசட்டும் என்று நினைத்தேன். அப்படியே செய்தாள். எது எந்தப் புழுவின் கூடு என்று மாமியாராலும் சொல்ல முடியவில்லை, அவள் வீட்டுக்காரராலும் முடியவில்லை. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே கெட்டி. எல்லாம் ஒன்றாகவே அங்காடிக்குப் போனது. மருமகள் மறுபடி தழை போடுகிறாள். அந்த மூன்று நாள் மட்டும் இன்னும் வெளியேதான். அதனால்தான் இந்தப் பதிவு.

நிறம் மாறினால் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயப்பட வேண்டிய நிற மாற்றமும் உண்டு, நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடம்பு உப்பி, தட்டின் ஓரமாக அலைந்து, தோல் கிழிந்தால் பால் வடிவது பால்புழு நோய். உடனே பொறுக்கி எடுத்து, கிருமிநாசினியில் போட்டுப் புதைத்துவிட வேண்டும். செத்த புழு சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து இறுகினால் அது பூஞ்சை நோய். ஈரமும் குளிரும் சேர்ந்தால் வரும். உடம்பில் ஒரே ஒரு கரும்புள்ளி, தழும்பு மாதிரி இருந்தால் ஊசி ஈ முட்டை வைத்திருக்கிறது. ஐந்தாம் பருவக் கடைசியில் தழையை விட்டுவிட்டு, உடம்பு கண்ணாடி போல மஞ்சளாகத் தெரிந்தால் அது நோயல்ல. புழு பழுத்துவிட்டது, கூடு கட்டப் போகிறது.

இந்த நோய்களில் ஒன்றுகூட பெண்ணின் தீட்டால் வருவதில்லை. கிருமி கையிலும் காலிலும் தட்டிலும் வரும். அதற்கு ஆண் பெண் தெரியாது. இன்னொன்றும் சொல்கிறேன். புகையிலை பட்டுப்புழுவுக்கு விஷம். பீடி பிடித்த கையோடு, புகையிலை கசக்கிய கையோடு மாமனார் தழை போட்டால் புழுவுக்கு நிஜமாகவே ஆபத்து. அவரை இதுவரை யாராவது மூன்று நாள் வெளியே நிறுத்தியிருக்கிறோமா?

யார் உள்ளே போனாலும் கை கால் கழுவி, கிருமிநாசினியில் மிதித்துப் போகட்டும். எல்லோருக்கும் ஒரே சட்டம், மாதம் முப்பது நாளும்.

உங்கள் வீட்டுத் தட்டில் குறி வைத்த புழு இருந்தால் கீழே படம் போடுங்கள். பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நூறு புழு எண்ணச் சொல்லுங்கள். குறி உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எழுதி அனுப்பட்டும். கணக்கு நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்