சின்னப்பையன் (எ) முத்துசாமி

திருவண்ணாமலையிலிருந்து வந்த பஸ் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி மூங்கில்துறைப்பட்டில் என்னை உதிர்த்துவிட்டுப் போனது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. மேற்கே கல்வராயன் மலை. ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை சார். என் கொள்ளுத் தாத்தாவைத் தேடி வந்தேன். அவர் போய் எழுபது வருஷமாகிறது. ஆனால் ஒண்ணரை ஏக்கர் நிலம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது.

சிக்கல் இதுதான். பட்டாவில் 'சின்னப்பையன்'. கிரயப் பத்திரத்தில் 'முத்துசாமி'. "ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி நம்பறது?" என்று ஒரு ஆபீஸில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பெரியப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். "எண்பது வயசுல செத்தாருடா. அப்பவும் ஊருக்குச் சின்னப்பையன்தான்."

ஒவ்வொரு காகிதமாகப் பிரித்தோம். ஒன்றில் தென்னாற்காடு ஜில்லா. 1993க்குப் பிறகு வந்ததில் விழுப்புரம். 2019க்குப் பிறகு வந்ததில் கள்ளக்குறிச்சி. ஊருக்கே இத்தனை தடவை இனிஷியல் மாறியிருக்கிறது, தாத்தாவுக்கு மாறினால் என்ன?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. 1665-ல் பிரெஞ்சு ராணுவத்தின் கரிஞான்-சாலியேர் படை கனடாவுக்குக் கப்பலேறியது. சுமார் 1,200 பேர். ஏறக்குறைய 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பட்டாளத்தில் ஆளாளுக்குப் பட்டப்பெயர் உண்டு. ஒருத்தர் லாஃப்ளூர், அதாவது பூ. இன்னொருத்தர் சான்சூசி, அதாவது கவலையே இல்லாதவர். நிஜப் பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவில் 'தி' என்று ஒரு சொல் போடுவார்கள். 'என்கிற' என்று அர்த்தம். நம் பத்திரத்தில் வரும் அதே (எ)தான்! பிற்பாடு ஒரே வம்சத்தில் சிலர் முதல் பெயரையும் சிலர் பட்டப்பெயரையும் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு க்யூபெக்கில் முன்னோரைத் தேடுகிறவர்கள் சர்ச் பதிவேட்டில் ரெண்டு பெயரையும் தேடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துப் பாண்டிச்சேரியிலேயே கதை இருக்கிறது. 1881-ல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. ஜாதி, மத வழக்கப்படியான சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். ஆனால் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. கதவு என்று அர்த்தம். கோர்ட்டுக்குள் ஷூ போட்டு வரக்கூடாது என்று 1873-ல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தவர். கதவு பொருத்தமான பெயர்தான்.

நமக்கு அந்தப் பழக்கமே இல்லை. அப்பா பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் போய்விடும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்ததால் ஏதோ கொஞ்சம் தப்பியது. பேரன் என்ற சொல்லே 'பெயரன்'தானே.

பெட்டியின் அடியில் அந்தக் காகிதம் கிடைத்தது. ஒரு பழைய அடமானப் பத்திரம். 'முத்துசாமி என்கிற சின்னப்பையன்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிலம் பிழைத்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே வேகத்தில் கேட்டேன். "பெரியப்பா, கொள்ளுப்பாட்டி பேரு?"

அவர் யோசித்தார். பெரியம்மாவைப் பார்த்தார். "ஆயான்னுதாம்ப்பா கூப்புடுவோம்."

பெட்டியில் இருந்த அத்தனை காகிதத்தையும் மறுபடி புரட்டினோம். எங்கேயும் இல்லை. க்யூபெக் பதிவேடுகளில் கல்யாணமான பெண்ணையும் பிறந்தவீட்டுப் பெயரில்தான் எழுதினார்கள். அதனால் முந்நூறு வருஷத்துப் பாட்டியையும் அங்கே கண்டுபிடிக்கலாம். 1981 முதல் கல்யாணத்துக்குப் பிறகும் மனைவி தன் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த ஒண்ணரை ஏக்கரில் களை பறித்த எங்கள் ஆயாவுக்கு ஒரு (எ) கூடக் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டயரியை எடுத்து அம்மா பெயரை எழுதினேன். அடுத்து பாட்டி பெயர். மூன்றாவது வரியில் 'ஆயா' என்று எழுதி, பக்கத்தில் (எ) போட்டு, இடம் விட்டிருக்கிறேன்.